வெல்டிங் பழகியவர்கள், பழகுகிறவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

கோண்டாவில்காரன்:
கேற்றின் பிணைச்சல் விட்டுப்போய் ஒரு அண்ணை வந்து ஒட்டினார். கேற்றை நிமிர்த்திப் பிடிக்க நான் நின்றேன். அவருக்கு முகத்தை மறைக்கிற இருட்டுக் கண்ணாடி, சீல்ட், இருந்தது. எனக்கு "அங்கால பார் தம்பி" என்ற சொல் மட்டும். அங்காலதான் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கவாட்டில் அடிக்கிற வெளிச்சமே போதும் என்று யாரும் சொல்லவில்லை. பின்னேரம் வரை ஒன்றுமில்லை. சாமத்தில் எழும்பினால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டு இமையால் அரைக்கிறது போல. திறந்தாலும் நோ, மூடினாலும் நோ. அம்மா ரோச் அடித்துப் பார்த்தபோது கத்தியேவிட்டேன். அந்த நேரத்தில் அவா ஒரு சின்னக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் தாய்ப்பால் கேட்கப் போனா. கதவு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

காலையில் கண் டொக்டர் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்து, விழியின் மேற்பரப்பு வெந்திருக்கிறது என்றார். இரண்டு நாளில் சுகம். ஆனால் அந்த அண்ணையிடம் சொன்னபோது "முதல் தரம் எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

மானிப்பாய்:
தம்பி, தாய்ப்பால் நல்லது. எங்கள் ஆச்சி உருளைக்கிழங்கைச் சீவி இமைக்கு மேல் வைப்பா. எனக்கும் கேட்டது.

சுன்னாகம் பட்டறை:
மானிப்பாய் அண்ணை, கோபிக்கவேண்டாம். அது ஒன்று இரண்டு நாளில் தானாகவே ஆறுகிற காயம். எதை வைத்தாலும் கேட்டது போலத்தான் இருக்கும். வெந்த கண்ணுக்குள் சுத்தமில்லாத எதையும் விட்டுக் கிருமி பிடித்தால் பிறகு பார்வைக்கே ஆபத்து. டொக்டர் விறைக்கிற மருந்து ஒரு துளி விட்டுப் பார்ப்பார். அதை வீட்டுக்குத் தாருங்கள் என்று கேட்கவும் கூடாது, நோ தெரியாமல் புண் ஆறாமல் கிடக்கும்.

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்பது பொய். நான் என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைப் பாடநெறியில் படித்தபோது எங்கள் ஆசிரியர் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "கண்!" என்று உரத்துச் சொன்ன பிறகுதான் றொட்டை, அதுதான் உருகி ஒட்டுகிற கம்பியை, இரும்பில் தட்டுவார். ஒருநாள் தேநீர் கொண்டுவந்த பெடியன் வாசலில் நிற்கிறான் என்று வேலையையே நிறுத்தினார். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் கண் எரிந்ததில்லை. வெளிச்சம் பட்டதும் தானாக இருளுகிற சீல்ட் வாங்குங்கள், 2.5 மில்லிமீற்றர் றொட்டுக்கு 10 அல்லது 11 ஆம் இலக்க இருள். வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. பிடிக்கிறவருக்கும் ஒன்று வேண்டும்.

வல்வெட்டித்துறை:
எங்கள் மாமா ரொறன்ரோவிலிருந்து வந்தபோது சேலைகளுக்கு நடுவில் சுற்றி ஒரு சின்ன வெல்டிங் மெசின் கொண்டுவந்தார், எனக்குத் தொழில் பழக. அதன் வயரில் இருந்த பின்னை வெட்டி இங்கத்தை பிளக்கைப் பூட்டினோம். சுவிட்சைப் போட்டதும் வெடி, புகை, வீடு முழுக்க நாற்றம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாமா ஒன்றும் பேசாமல் அந்தப் பெட்டியை மூடி, பிளாஸ்டிக் உறையை நான்காக மடித்து உள்ளே வைத்தார். வெளிநாட்டிலிருந்து யாராவது மெசின் கொண்டுவரவா என்று கேட்டால், மெசினின் விபரத் தட்டில் எத்தனை வோல்ட் என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொடிகாமம்:
வல்வெட்டித்துறைத் தம்பிக்கு: இப்ப என்ன வைத்திருக்கிறீர்? இன்வேர்ட்டர், அதுதான் இப்ப வருகிற சின்ன எலெக்ட்ரோனிக் வெல்டிங் மெசின், என்றால் நம்பவேண்டாம். செம்புச் சுற்று ட்ரான்ஸ்போமர் ஒன்று எங்கள் பட்டறையில் அப்பாவின் காலத்திலிருந்து கிடக்கிறது, ஒரு நாளும் படுக்கவில்லை.

சுன்னாகம் பட்டறை:
அண்ணை, பட்டறைக்குச் சரி. பழகுகிற பிள்ளையின் வீட்டில் 30 அம்பியர் ஒற்றை இணைப்புத்தான் இருக்கும். அந்தப் பழைய மெசினைப் போட்டால் லைற் எல்லாம் மங்கி, ட்ரிப் அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கவும் இரண்டு பேர் வேண்டும். இன்வேர்ட்டர் ஒரு கையில் வரும், றொட் நுனியில் எரிகிற மின்சுடரான ஆர்க்கும் சீராக எரியும், றொட் ஒட்டிக்கொள்வதும் குறைவு.

ஆனால் பெட்டியில் பெரிதாக அடித்திருக்கிற 250, 300 என்ற இலக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத் தட்டில் டியூட்டி சைக்கிள் பாருங்கள். 160 அம்பியரில் 60 வீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். அப்புறம், 160 அம்பியர் இழுக்க மெயின்ஸில் 20 அம்பியருக்கு மேல் போகும். 13 அம்பியர் பிளக் உருகாமல் என்ன செய்யும்? கேற், கிறில் வேலைக்கு 2.5 றொட், 70 முதல் 80 அம்பியர் தாராளம். றொட்டில் 6013 என்ற வகையை வாங்குங்கள், பழக அதுதான் சுகம். காஸ் போடுகிற மிக் மெசினை முற்றத்தில் வைத்துப் பழக ஆசைப்படுகிறவர்கள் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பார்க்கட்டும். ஒட்டைக் காக்கிற காஸைக் காற்றுக் கொண்டுபோக, ஒட்டு முழுக்க ஓட்டை விழும்.

அரியாலை அக்கா:
நீங்கள் மெசினைப் பற்றியே கதைக்கிறீர்கள். என்னுடைய அப்பா கார்த்திகை மழையில் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு ஜீஐ ரியூப்பில், அதுதான் துருப்பிடிக்காமல் பூச்சுப் பூசின இரும்புக் குழாயில், கோழிக்கூடு ஒட்டினார். இரவு நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை. டெங்குக் காலம். நாங்கள் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. அங்கிருந்த இளம் டொக்டர் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் கரியும் பொறி பட்ட சின்னச் சின்னக் காயமும். "ஐயா, நேற்று என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்கள் உயிரைத் திருப்பித் தந்தது. ஜீஐ ரியூப்பில் இருந்த நாகப் பூச்சு (சிங்க்) எரிந்த புகை. அடுத்த நாள் காய்ச்சல் இல்லை.

மானிப்பாய்:
அக்கா, ஜீஐ ஒட்டினால் பால் குடிக்கவேணும். எல்லா வெல்டரும் குடிக்கிறவை.

அரியாலை அக்கா:
அப்பாவும் குடித்துவிட்டுத்தான் ஒட்டினார் அண்ணை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. ஒட்டுகிற இடத்தில் பூச்சை கிறைண்டரால் சுரண்டி எடுங்கள், அப்போதும் மாஸ்க் போடுங்கள். வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வரும்படி நின்று ஒட்டுங்கள். புகைக்கு மேல் தலையைக் குனியாதீர்கள். பிரேக் கிளீனர் போட்டுக் கழுவிய இரும்பை ஒட்டவே வேண்டாம், சிலவற்றில் இருக்கிற குளோரின் ஆர்க் பட்டால் நச்சுக் காஸாக மாறும்.

கரவெட்டி:
வியர்வையில் ஊறிய சேட்டோடு தகரத்தில் சாய்ந்தபடி என் கூட்டாளி வெறுங்கையால் றொட் மாற்றினான். கரண்ட் பிடித்து, றொட்டைக் கவ்வுகிற ஹோல்டரைக் கை விடவில்லை. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், வாயில் சத்தம் வரவில்லை. ஆர்க் எரியாத நேரத்தில்தான் ஹோல்டரில் வோல்ட் கூட, 60, 70, 80 கூட நிற்கும். காய்ந்த தோல் கையுறை, றப்பர் அடிச் சப்பாத்து, காலுக்குக் கீழ் ஒரு காய்ந்த பலகை. பருத்திச் சேட் போடுங்கள், நைலோன் உருகி உடம்பில் ஒட்டும்.

குருநகர்:
எங்கள் ஒழுங்கையில் ஒருவர் தண்ணீர் பிடிக்கவென்று பழைய டீசல் பரலின் மூடியை வெட்டக் கொடுத்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவினதுதான். ஆர்க் தொட்டதும் மூடி பறந்து பக்கத்து வீட்டுக் கூரைச் சீற்றை உடைத்துக்கொண்டு அறைக்குள் விழுந்தது. அந்த வீட்டுப் பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில். மேசையில் அவளுடைய கொப்பிகள் விரித்தபடி கிடந்தன, மூடி அதற்கு மேல். எண்ணெய் ஆவி பரலின் மூட்டு இடுக்குக்குள் நிற்கும், கழுவினால் போகாது. கிறைண்டர் பொறியும் அதைத்தான் செய்யும். "வெறும் பரல்தானே" என்று யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ராங்கும் அப்படித்தான்.