கோவேறு கழுதை உயிருள்ளதா? நாசாவின் வரையறை குறித்து ஓர் ஐயம்

அல்லிக்குளம்:
"தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும், டார்வினியப் பரிணாமத்துக்கு ஆற்றலுள்ள வேதியியல் அமைப்பே உயிர்" என்பது 1990-களில் நாசாவுக்காக வகுக்கப்பட்ட வரையறை. அப்படியானால், பொதுவாகக் குட்டி ஈனாத கோவேறு கழுதையை எதில் சேர்ப்பது? பரிணாமம் தனி விலங்குக்கு உரியதன்று, வழிவழியாக வரும் கூட்டத்துக்கே உரியது என்பீர்களானால், கண்ணெதிரே புல் மேயும் அந்த ஒற்றை விலங்கு உயிரோடிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

நுண்ணோக்கி:
இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தவர் ஹங்கேரிய அறிஞர் திபோர் கான்ட்டி என்பது என் எண்ணம். வளர்சிதை மாற்றம், உள்நிலைச் சமன், தகவலைத் தாங்கும் பகுதி போன்றவை ஒவ்வோர் உயிரியிடமும் எக்கணமும் இருந்தாக வேண்டியவை. இனப்பெருக்கமும் பரிணாமமும் உயிருலகம் தொடர்வதற்குத் தேவையானவையே தவிர, தனி உயிரிக்குக் கட்டாயமில்லை என்று அவர் பிரித்தார். கோவேறு கழுதை முதல் வகையில் குறையின்றித் தேறிவிடுகிறது.

1970-களில் அவர் வகுத்த, மிக எளிய உயிரமைப்புக்கான 'கீமோட்டான்' என்ற கோட்பாட்டு மாதிரியில் வளர்சிதைச் சுழற்சி, தகவலைத் தாங்கி நகலாகும் வார்ப்பு மூலக்கூறு, இரண்டையும் சூழ்ந்த படலம் என மூன்றே பகுதிகள். வார்ப்பு நகலாகும்போது வெளியேறும் துணைப்பொருள் சேர்ந்தால்தான் படலத்துக்கான மூலக்கூறு முழுமை பெறும். ஆகவே நகலாக்கம் நின்றால் படலமும் வளராது. மேற்பார்வைக்கென்று தனி உறுப்பு ஏதுமின்றி, எந்தப் பொருள் எவ்வளவு சேர்ந்தால் எது எவ்வளவு உண்டாகும் என்ற வேதிவினைகளின் அளவுக் கணக்கே மூன்றையும் ஒத்து நடக்கச் செய்து, இரட்டித்ததும் அமைப்பைப் பிளக்கவும் வைக்கிறது.

பனங்காடு:
'எக்கணமும்' என்பதில்தான் எனக்குத் தயக்கம். இஸ்ரேலில் உள்ள மசாடா என்ற பழங்கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை 2005-இல் முளைத்ததே, இடைப்பட்ட காலத்தில் அது என்னவாக இருந்தது?

நுண்ணோக்கி:
உயிருள்ளதும் அன்று, இறந்ததும் அன்று, உயிர்க்க வல்லது. உலர்ந்த விதைகள் போன்றவற்றுக்கென்றே கான்ட்டி இந்த மூன்றாம் நிலையை ஒதுக்கியிருந்தார்.

செங்கழுநீர்:
அளவுக் கணக்கே போதும் என்பதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள முடியாது. 2016-இல் அமெரிக்க மரபணு ஆய்வாளர் கிரெய்க் வென்ட்டர் குழுவினர், வாழ்வதற்கு இன்றியமையாதவை போக மற்றவற்றை நீக்கி, 473 மரபணுக்களோடு அமைத்த குறைந்தபட்சச் செல் பிளவுபட்டது உண்மைதான். ஆனால் அச்செல்கள் பல அளவிலும் வடிவிலும் தாறுமாறாக இருந்தன. சீரான பிளவுக்கு ஏழு மரபணுக்களைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது என்று 2021-இல் தெரியவந்தது. அவற்றுள்ளும் பெரும்பாலானவற்றின் பணி அப்போது விளங்கவில்லை. பிளவதற்கு வேதியியல் போதும் என்று இதை நுண்ணோக்கி தமக்குச் சாதகமாகவும் படிக்கலாம். ஆனால் ஒழுங்காகப் பிளவதற்கு என்ன வேண்டும் என்பதைக் கீமோட்டான் சொல்லவில்லை.