61 கட்டைக்கு 61 டயோட் வேணுமா, வேணாமா?

உவர்க்காத்து:
நேத்து நிலாவெளியான் அண்ணை இஞ்ச எழுதினதைப் பாத்திட்டு எனக்கு நித்திரையே வரேல்ல. கொம்பியூட்டர்ல ஓடுற பைப் ஓகனுக்கு (சேர்ச்சில குழல் ஊதுற வாத்தியம்) வீட்டில 61 கட்டைக் கீபோட் செய்யிற ஆக்களுக்கு அவர் சொல்லுற புத்தி: 8க்கு 8 மேட்ரிக்ஸ் போடுங்கோ (8 நிரை வயர், 8 நிரல் வயர், சந்திக்கிற இடத்தில ஒரு கட்டை, கீழயிருந்து எட்டெட்டா ஒரு நிரை), 16 வயர் காணும், டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற சின்னச் சாமான்) வாங்கிறது கடைக்காரனுக்குக் காசு குடுக்கிற வேலை, மனுசனுக்குப் பத்து விரல்தானே.
அண்ணை, பத்து விரல் வேணாம், மூண்டு காணும். நீங்க சொன்ன வரிசைப்படியே வயர் பண்ணிப்போட்டு கீழயிருந்து 13ஆவது, 25ஆவது, 29ஆவது கட்டையளை ஒண்டா அமத்திப் பிடியுங்கோ. சி, மேல் சி, ஈ. சின்னப்பிள்ளையும் பிடிக்கிற சி மேஜர், ஜி மட்டும் இல்லை. இப்ப ஆரும் தொடாத 9ஆவது கட்டை, ஜி ஷார்ப், கீழயிருந்து கத்தும். ஏனெண்டா 9ம் 13ம் ஒரு நிரை, 25ம் 29ம் இன்னொரு நிரை, 9ம் 25ம் ஒரே நிரல், 13ம் 29ம் ஒரே நிரல். பெட்டியின்ர மூண்டு மூலை மூடினா கரண்ட் சுத்தி வந்து நாலாவது மூலையும் மூடின மாதிரிக் காட்டும், இதுதான் பேய் நோட். அப்பிடிச் சுத்தி வர விடாம ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு 1என்4148 டயோட், கறுப்புக் கோடெல்லாம் ஒரே பக்கம் பாத்து. 61 கட்டைக்கு 61.

நிலாவெளியான்:
தம்பி, மூண்டு வருசமா எங்கட விறாந்தையில ஓடுது, ஒரு டயோட் இல்லை. கிறிஸ்மஸ் பாட்டெல்லாம் அதிலதான் பழகினது. எந்தப் பேயும் கத்தேல்ல. நீர் அடிக்கிற கொம்பியூட்டர் கீபோட்டைக் கழட்டிப் பாரும், அதுக்குள்ள எத்தினை டயோட்?

ஓர்ஸ்ஹில்_பெடியன்:
நான் புதுசு, வாசிச்சும் விளங்கேல்ல. மேட்ரிக்ஸ் எண்டா என்ன, டயோட் என்ன செய்யும், ஆராவது முதல்ல அதைச் சொல்லுங்கோவன்?

உவர்க்காத்து:
நிலாவெளியான் அண்ணை, இல்லைத்தான். விலை குறைஞ்ச கொம்பியூட்டர் கீபோட்டில டயோட் இல்லை, அதுக்குப் பதிலா உள்ள இருக்கிற சிப் சந்தேகம் வந்தா அந்தக் கட்டையையே விட்டிடும். கடிதம் அடிக்கிறவனுக்கு அது காணும். ஓகன்ல காணாது. பியானோ எண்டா அடிச்ச சத்தம் தானா அடங்கிப்போகும், ஓகன்ல கட்டையை விடும்வரைக்கும் குழல் ஊதிக்கொண்டே நிக்கும், ஒரு குரல் விழுந்தாலும் கூடினாலும் கடைசி வாங்கில இருக்கிற ஆச்சிக்கும் விளங்கும். பழைய பாட்டுக் கீபோட் ஒண்டு பழுதாக் கிடந்தா அதைக் கழட்டுங்கோ, ரப்பர் தொடுப்புக்குப் பக்கத்தில டயோட் வரிசையா நிக்கும். அதைச் செய்தவங்கள் விசரங்களா?

நிலாவெளியான்:
டயோட் ஒவ்வொண்டும் 0.7 வோல்ட் தின்னும். அதுக்குப் பிறகு கட்டை பதியாது. இது தெரியாம வகுப்பெடுக்க வந்திட்டார்.

உவர்க்காத்து:
கட்டையளை வாசிக்கிற சின்ன போட், 5 வோல்ட் ஆர்டுயினோ, 1.5 வோல்ட்டுக்குக் கீழ வாற எல்லாத்தையும் பூச்சியமெண்டுதான், அதாவது கட்டை அமத்தினதெண்டுதான், வாசிக்கும். 0.7 அதுக்குக் கீழயா மேலயா? 13, 25, 29 பிடிச்சுப் பாத்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்கோ.

கோட்டைவாசல்:
ரெண்டு பேரும் ஏன் சண்டை பிடிக்கிறியள், மேட்ரிக்ஸே வேணாம். பெரிய ஆர்டுயினோ, மெகாவில 54 டிஜிட்டல் பின் (வயர் செருகிற இடம்), 16 அனலொக், மொத்தம் 70. கட்டைக்கு ஒரு பின், மற்றப் பக்கம் எல்லாம் கிரவுண்ட். முடிஞ்சுது.

நிலாவெளியான்:
பாத்தீரா! அவரும் டயோட் வேணாமெண்டுதான் சொல்லுறார்.

உவர்க்காத்து:
அவர் மேட்ரிக்ஸ் வேணாமெண்டு சொன்னவர்! மேட்ரிக்ஸ் இல்லாட்டி டயோட்டும் தேவையில்லை, அது வேற கதை. கோட்டைவாசல், நீங்க ஒரு கீபோட்டோட நிப்பீங்க. ரெண்டு கீபோட்டும் 32 காலடிக் கட்டையும் வந்தா 154 பின், மெகாவை மாலை கட்டியா போடப்போறியள்? மெகா யூஎஸ்பியில நேர மிடியா (பாட்டுக் கருவி கொம்பியூட்டரோட கதைக்கிற மொழி) தெரியவும் மாட்டுது, நடுவில ஒரு புரோகிராம் ஓடவேணும், இல்லாட்டி யூஎஸ்பி சிப்பை மாத்தி எழுதவேணும். புரோ மைக்ரோ எண்ட சின்ன போட் ஒரு கீபோட்டின்ர 16 வயரையும் தாங்கும், செருகினவுடன மிடியா நிக்கும்.

கோட்டைவாசல்:
மாலையோ தோரணமோ, என்ர வேலை செய்யுது. உங்கட கீபோட்டை இஞ்ச ஒருத்தரும் இன்னும் கேக்கேல்ல.

உப்புவெளி_லோகன்:
டயோட்டை விடுங்கோ, முதல்ல தொடுப்பைப் பாருங்கோ. எங்கட கடல் காத்துக்கு செப்புக் கம்பி ஒரு மாரி தாண்டாது, பச்சை பிடிச்சிடும். காந்தம் கிட்ட வந்தா மூடுற ரீட் ஸ்விட்ச்தான் சரி, கண்ணாடிக் குழாய்க்குள்ள இருக்கிறதால உப்பு போகாது, கட்டைக்குக் கீழ ஒரு சின்னக் காந்தம் ஒட்டினாச் சரி.

நிலாவெளியான்:
ரீட் ஸ்விட்ச் கொழும்புக்காரற்ற ஆடம்பரம். நான் செப்புத்தான் போட்டனான். மாசத்துக்கு ஒருக்கா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பளபளக்கும்.

உவர்க்காத்து:
இப்ப விளங்குது! உங்கட தொடுப்பு பச்சை பிடிச்சு அரைவாசிக் கட்டை பதியிறதே இல்லை, பிறகு எங்க பேய் நோட் வாறது? நல்லாத் தேய்ச்சுப்போட்டு 13, 25, 29 பிடியுங்கோ.

நிலாவெளியான்:
என்ர ஓகனைப் பாக்காம கதைக்காதையும். அதோட, போன வருசம் என்னட்டை ஈயம் ஒட்டுற கம்பியை ரெண்டு நாளில தாறனெண்டு வாங்கிக்கொண்டு போனது ஆர்? அந்த 61 டயோட்டும் என்ர கம்பியாலதான் ஒட்டினது எண்டு சபையில சொல்லும்.

உவர்க்காத்து:
கம்பி நுனி தேய்ஞ்சு போய்த்தான் வந்தது, புது நுனி நான்தான் வாங்கிப் போட்டனான், அதை ஏன் சொல்லேல்ல? நாளைக்கே கொண்டுவாறன். வரேக்க உங்கட விறாந்தையில 13, 25, 29 நானே பிடிச்சுக் காட்டுறன்.

ஓர்ஸ்ஹில்_பெடியன்:
அண்ணையள், டயோட் எண்டா என்ன?

நிலாவெளியான்:
கம்பியைக் குடுத்தனுப்பும். நீர் வரத் தேவையில்லை.

உவர்க்காத்து:
13, 25, 29.