புதுப்பிப்பு: கென்டக்கி சோயா வயலில் வந்த எல்க் மான்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நண்பரின் சோயா வயலில் எல்க் மான் நின்றதைச் சொன்னதும், "சுடலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். விதிகளைப் படித்துப் பார்த்தேன்.

மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 16 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) எல்க் மீட்பு மண்டலம். 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து 1,500-க்கும் மேற்பட்ட மான்களைக் கொண்டுவந்து விட்ட இடம் அது. அங்கே வேட்டையாடக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். நண்பரின் நிலமோ மண்டலத்துக்கு வெளியே. குலுக்கல் கிடையாது, ஆனால் வேட்டை உரிமம், மண்டலத்துக்கு வெளியே சுடுவதற்கான தனி அனுமதிச் சீட்டு, நிலக்காரரின் சம்மதம் மூன்றும் தேவை. அதுவும் பருவத்தில் மட்டும்.

பயிர்ச் சேதமென்றால் துப்பாக்கியைத் தொடுமுன் வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிடுங்கள். இப்படி வழிதவறி வருபவை பெரும்பாலும் இளம் ஆண் மான்கள். நூற்றைம்பது ஆண்டுகள் இங்கே இல்லாமலே போயிருந்த இனம் இது. அந்த மானைச் சுடாமல் விட்டுவிடத்தான் நண்பரிடம் கேட்டிருக்கிறேன்; யோசிப்பதாகச் சொன்னார்.