தேற்றுத்தெளிப்பு: வாடும் உளுந்துக்கு ஒரு சொல்

பெகுவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பர்மாவில் நெல் அறுத்த ஈரத்தில் விதைக்கும் உளுந்துக்குத் தமிழில் கையேடு தயாராகிறது. பூக்கும் தறுவாயில் நிலம் வெடித்துப் பயிர் சோரும்போது இலைமேல் அடிக்கும் சத்துக் கரைசலுக்கு ஒரு பெயர் வேண்டும். வரைவில் ‘இலை உரம்’ என்று இருக்கிறது. ‘தழை உரம்’ என்றும் ஒருவர் திருத்தியிருக்கிறார். அது புங்கந்தழையை வெட்டிப்போட்டு மிதிப்பதல்லவா? வேறு சொல் சொல்லுங்கள்.

ரங்கூனிலிருந்து:

ஐயா, ‘உரம்’ என்பதையே எடுத்துவிடலாம். 2 விழுக்காடு டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 4 கிலோ, நம் பர்மா எடையில் சுமார் இரண்டரை வீசை. டிஏபியில் தழைச்சத்து (நைட்ரஜன்) 18 விழுக்காடுதான். ஒரு தெளிப்பில் வயலுக்குப் போவது 720 கிராம்; இரண்டு தெளிப்பு சேர்ந்தாலும் ஒன்றரை கிலோவை எட்டாது. ஏக்கருக்கு 400 கிலோ உளுந்து கண்டால் அந்த மணியில் மட்டும் 14, 15 கிலோ தழைச்சத்து இருக்கும். ‘இலை உரம்’ என்று படிப்பவர் மண்ணில் இடும் அடியுரத்தை நிறுத்திவிட்டால் பழி கையேட்டுக்குத்தான். பொது முறைக்கு ‘இலைவழி ஊட்டம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, அது இருக்கட்டும். வாட்டத்தின்போது அடிப்பதற்கு மட்டும் ‘மீட்புத் தெளிப்பு’ எனலாமா?

மோல்மீனிலிருந்து:

‘மீட்பு’ அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்கிறது. உச்சி வெயிலில் தொங்கிய இலை விடியலில் நிமிர்ந்து நின்றால் தெளிப்புக்குப் பலன் உண்டு. மேல்மண் காய்ந்ததும் வேர் சத்தை இழுப்பது குறைந்துவிடும், வேர்முடிச்சும் சோர்ந்துபோகும். அந்த இடைவெளியை இலை கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவே. விடியலிலும் நிமிராத பயிருக்குத் தண்ணீர்தான் வேண்டும். அதன்மேல் உர உப்புக் கரைசலை அடித்தால் இலை ஓரம் கருகும். மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய்; எந்தச் சத்தும் அதை மாற்றாது. கார்த்திகையில் பருவம் தப்பிய மழை தேங்கி அடியிலை வெளுத்ததா? முதலில் வடிகால், புதுத்தளிர் தலைகாட்டிய பிறகு 1 விழுக்காடு யூரியா.

நம்மவர்கள் ‘பயிர் தேறிருச்சு’ என்றுதானே சொல்கிறார்கள்? தேற வைப்பது தேற்றுவது. ‘தேற்றுத்தெளிப்பு’ என்று வைக்கலாம்.

பெகுவிலிருந்து:

தேற்றுவது ஆறுதல் சொல்வது ஆகாதா? ‘தேற்றம்’ வேறு கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மோல்மீனிலிருந்து:

காய்ச்சலில் கிடந்தவரைக் கஞ்சி கொடுத்துத் தேற்றினோம் என்றால் யாரும் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘தேற்றம்’ என்று பெயராக்காமல் தெளிப்போடு சேர்த்தே எழுதுங்கள், கணக்கு வாத்தியாருக்கும் வருத்தம் இராது.

ரங்கூனிலிருந்து:

எனக்குச் சம்மதம், ‘மீட்பு’ போகட்டும். வரைவில் உள்ள ‘இடைப்பருவ அழுத்தம்’ என்பதையும் மாற்றுங்கள். ‘அழுத்தம்’ என்றால் குழாய்த் தண்ணீர் நினைவுதான் வரும். ‘இடைப்பருவ நலிவு’ என்றால் வறட்சி, நீர்த்தேக்கம் இரண்டுக்கும் பொருந்தும். ‘வாட்டம்’ வறட்சிக்கு மட்டும்.

பெகுவிலிருந்து:

அப்படியே எழுதிவிட்டேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

தேற்றுத்தெளிப்பு: இடைப்பருவ நலிவால் வேர்வழிச் சத்து குறையும்போது, உயிர்ப்புள்ள இலைமேல் சத்துக் கரைசலைத் தெளித்துப் பயிரைத் தேற வைக்கும் இலைவழி ஊட்டம். அடியுரத்துக்கு மாற்று அல்ல.

கீழே செய்முறை: 4 கிலோ டிஏபியை முதல்நாள் மாலை 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் துணியில் வடித்து 200 லிட்டராக்க வேண்டும். அடிக்கசடு சேர்ந்தால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். துத்தநாக சல்பேட்டை இதில் கலந்தால் திரிந்து படியும், அதைத் தனியாக அடிக்க வேண்டும். களைக்கொல்லி பிடித்த தொட்டி என்றால் சோப்பு போட்டுக் கழுவியே ஆகவேண்டும். உளுந்து களைக்கொல்லியைப் பொறுக்காது. பூ தொடங்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று, இரண்டும் மாலை நான்கு மணிக்கு மேல். உச்சி வெயிலில் துளி உடனே காய்ந்து உப்பு மட்டும் இலையில் தங்கும். விடியலில் பனி சொட்டும் இலையில் அடித்தால் கரைசல் வழிந்து மண்ணுக்குப் போய்விடும்.

வறட்சி மட்டும் என்றால் 1 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு, 200 லிட்டருக்கு 2 கிலோ. அதைத் தனி வரியாகச் சேர்த்திருக்கிறேன்.