புதுப்பிப்பு: ஜிவ்ரி–க்ளூனி சைக்கிள் பாதை, போய் வந்தாச்சு

பிரான்ஸ் கிராமப்புறத்தில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் லுவார் ஆற்றங்கரை என்றீர்கள். ஒருவர் மட்டும் பர்கண்டி பகுதியில் ஜிவ்ரி–க்ளூனி என்றார். அவர் பேச்சைத்தான் கேட்டேன், நல்லதாகப் போயிற்று.

பழைய ரயில் தடத்தின் மேல் 1997-இல் திறந்த பாதை, 44 கி.மீ. ரயில் ஓடிய வழி என்பதால் ஏற்றம் பெயருக்குத்தான். ஒரு பக்கம் திராட்சைக் கொடி, மறுபக்கம் அசைபோடும் வெள்ளை ஷரொலே மாடுகள். வழியில் கோர்மத்தான் கிராமத்தில் இறங்கி 17-ஆம் நூற்றாண்டு அரண்மனையைப் பாருங்கள். அங்கிருந்து ஷப்பேஸ் கிராமத்துக்குப் போக சாலையில் ஏற வேண்டும்; ஆனால் அங்குள்ள 11-ஆம் நூற்றாண்டு தேவாலயத்துக்காக ஏறலாம். உள்ளே தூண்கள் தடித்து, லேசாகச் சாய்ந்தே நிற்கின்றன.

க்ளூனி மடம் 910-இல் தொடங்கியது. ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதைக் கல்லுக்காக இடித்து விற்றார்கள். மிஞ்சிய ஒரு பக்கப் பகுதியை அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கிறது.

சைக்கிள் பாதையில் வரும் சுரங்கப்பாதை பற்றிக் கேட்டவருக்கு: அது க்ளூனி தாண்டி, மாக்கோன் நகருக்குப் போகிற வழியில். சுமார் 1.6 கி.மீ., வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள். அப்போது மலைமேல் சுற்றித்தான் போகணும்.

சாப்பாடு: மதியம் இரண்டு மணி தாண்டினால் கிராமத்தில் சமையலறை மூடிவிடும். திங்கட்கிழமை ரொட்டிக்கடையையும் நம்பாதீர்கள்.