லோன் போட்டு வாங்குபவர் ரொக்கக்காரரிடம் தோற்காமல் இருக்க வழி உண்டா?

தாம்பரம் பக்கம் மறுவிற்பனை ஃபிளாட், 820 சதுர அடி, 2009-இல் கட்டியது. 58 லட்சத்துக்குப் பேசி, மூன்று வாரம் முன்பு ஒரு லட்சத்துக்கு டோக்கன் செக் கொடுத்தேன். அதை உரிமையாளர் இன்னும் வங்கியில் போடவில்லை; ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. லோன் இல்லாமல் பத்து நாளில் முழுப்பணம் தருவதாக இன்னொருவர் வந்திருக்கிறார். இத்தனைக்கும் என்னைவிட 2 லட்சம் குறைவு!

சிபில் (கடன் மதிப்பெண்) 780, வங்கியின் முன் ஒப்புதல் கடிதமும் காட்டிவிட்டேன். வில்லங்கம் பார்த்தாயிற்று. வங்கி வக்கீல் 1994 தாய்ப்பத்திரத்தின் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) அசலைக் கேட்கிறார்; இருப்பது நகல்தான். வேறு வங்கியிலும் இதே பதில். புரோக்கர் பாதியை ரொக்கமாகத் தரச் சொன்னார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் வாங்கியவருக்கே அபராதம், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டேன்.

லோன் போட்டே இப்படி வீடு வாங்கியவர்கள், உரிமையாளரிடம் எத்தனை நாள் கெடு, எவ்வளவு முன்பணம் பேசி ஒப்பந்தம் போட்டீர்கள்?