புதுப்பிப்பு: சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வருட வரிக் கணக்கு

2024 அக்டோபர் 15 அன்று ஊருக்கே வந்துவிட்டேன், அந்த நிதியாண்டுக்கு நான் இந்தியாவில் ‘ரெசிடென்ட்’ஆ (வரிக் கணக்கில் இங்கே வசிப்பவரா) இல்லையா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, முடிவு தெரிந்துவிட்டது. இல்லை.

அந்த நிதியாண்டில் இங்கே 182 நாள் இருந்திருந்தால் ரெசிடென்ட்; எனக்கு மார்ச் 31 வரை 168 நாள்தான். ஆனால் 60 நாளைத் தாண்டிவிட்டதால், முந்தைய நான்கு நிதியாண்டுகளில் இங்கே மொத்தம் 365 நாள் இருந்தேனா என்றும் பார்க்க வேண்டும்; இருந்திருந்தால் அப்போதும் ரெசிடென்ட்தான். பாஸ்போர்ட்டை விரித்து, மங்கிப்போன முத்திரைகளை பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன்: 112. ஆக, சிங்கப்பூர் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. அந்த ஊர் வரிக் கணக்கை பழைய கம்பெனி, வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் ஐஆர்21 படிவத்திலேயே முடித்துவிட்டது.

அப்பாடா என்று இருந்தால், ஆடிட்டர் ஒரு குண்டு போட்டார். இங்கே ஐந்து மாதச் சம்பளம் 6,75,000. அந்த வருடம் ஏழு லட்சத்துக்குள் வரியே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். அந்த வரியை இல்லாமல் ஆக்கும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி ரெசிடென்ட்டுக்கு மட்டுமாம்! நிலையான கழிவு 75,000 போக ஆறு லட்சத்துக்கு செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 15,600 கட்டினேன். வட்டி தனி. புது ஆபீசிலும் சம்பளத்தில் வரி பிடிக்காமல் விட்டிருந்தார்கள்.

வரிக் கணக்குக்கு ஐடிஆர்-1 படிவம் போதும் என்று சொன்ன அண்ணனுக்கு: அது ரெசிடென்ட்டுக்கு மட்டும், எனக்குச் செல்லாது, ஐடிஆர்-2தான் போட்டேன்.